விடுபட்ட வாக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் நீங்கள் எழுதிய ஒரு குறிப்பில், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் முதல் பெண் உறுப்பினரான ஜெனெட் ராங்கினைப் பற்றி நான்கு வரிகள் வந்தன. ‘இரண்டு உலகப்போர்களிலும் அமெரிக்கா இறங்குவதை எதிர்த்து வாக்களித்த ஒரே உறுப்பினர், போர் என்றாலே சம்மதம் சொல்லாதவர்’ என்று எழுதியிருந்தீர்கள். எட்டாவது படிக்கும் என் மகள் அதையே பள்ளிப் பேச்சுப்போட்டிக்கு எடுத்துக்கொண்டாள். ஐந்து நிமிடப் பேச்சு. அவளுக்காகக் கொஞ்சம் தேடிப் படித்தபோது, 1917 டிசம்பரில் ஆஸ்திரியா-ஹங்கேரி மீதான போர்ப் பிரகடனத்துக்கு ராங்கின் ஆதரவாக வாக்களித்திருக்கிறார் என்று தெரிந்தது. மகளிடம் சொன்னேன். “அப்போ நான் பேசப்போறது பொய்யாப்பா?” என்று கேட்டுவிட்டாள்.

எனக்கும் கேள்விகள் இருக்கின்றன. 1941இல் அமெரிக்காவின் பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தில் ஜப்பான் குண்டு போட்ட பிறகும் ‘கூடாது’ என்பது கொள்கையா, வெறும் பிடிவாதமா? தொகுதி மக்கள் நினைப்பதைச் சபையில் சொல்லத்தானே ஒருவரை அனுப்புகிறார்கள்? அவருடைய சொந்த மனசாட்சியை அங்கே யார் கேட்டார்கள்?

எம்., ஈரோடு

அன்புள்ள எம்.,

முதலில் உங்கள் மகளிடம் என் சார்பில் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். அந்த டிசம்பர் வாக்கு எனக்குத் தெரியும். நாலு வரியில் இடமில்லை, அதனால் விட்டேன் என்று சொல்லலாம், அது சமாளிப்பு. சேர்த்தால் கதையின் பளபளப்பு போய்விடும் என்றுதான் விட்டேன். ‘போர் என்றாலே’ என்று நான் எழுதியது தவறு.

அன்று நடந்தது இதுதான். 1917 டிசம்பர் 7. ஜெர்மனியோடு போர் அறிவித்து எட்டு மாதம் ஆகிவிட்டது. ஜெர்மனியின் கூட்டாளியான ஆஸ்திரியா-ஹங்கேரி மீதும் போர் அறிவிக்கும் தீர்மானம் பிரதிநிதிகள் சபைக்கு வருகிறது. ராங்கின் எழுந்து பேசினார். நாடுகளுக்கிடையிலான தகராறைப் போரால் தீர்ப்பது முட்டாள்தனம், பயனில்லாத வேலை என்றே இன்னமும் நம்புகிறேன். ஆனால் இப்போது நம் முன்னால் இருப்பது போர் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வி அல்ல, ஏற்கெனவே அறிவித்த போரை நடத்துவதில் ஒரு சம்பிரதாயம். பணத்துக்கும் ஆட்களுக்கும் வாக்களித்தது போல இதற்கும் வாக்களிக்கிறேன். பேச்சின் சாரம் இவ்வளவுதான். 365 பேர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு. அந்த ஒருவர் நியூயார்க்கிலிருந்து வந்த சோஷலிஸ்ட் உறுப்பினர் மேயர் லண்டன். தனியாக நின்றதற்குத்தான் பாராட்டு என்றால் அன்றைய பாராட்டு அவருக்குப் போக வேண்டும். அவரைப் பற்றி எந்தப் பிள்ளையும் பேச்சுப்போட்டியில் பேசுவதாகத் தெரியவில்லை.

சம்பிரதாயம் என்ற வாதம் எனக்கு முழுதாக ஒப்பவில்லை. போர்ப் பிரகடனம் போர்ப் பிரகடனம்தான். ஏப்ரலிலிருந்து அவர் வாங்கிக்கொண்டிருந்த அடிக்கும் அந்த வாக்கில் பங்கு உண்டு என்பது என் ஊகம். ஏப்ரலில் என்ன நடந்தது என்று பார்த்தால் நான் சொல்வது புரியும்.

அவர் பதவியேற்றது 1917 ஏப்ரல் 2. அன்று இரவே அதிபர் வில்சன் இரு சபைகளின் முன் வந்து போர் கேட்டார். நாலு நாள் கழித்து, விடிவதற்குள் வாக்கெடுப்பு. நாட்டில் பெரும்பாலான மாநிலங்களில் பெண்களுக்கு முழு வாக்குரிமை இல்லாத காலம் அது. இவர் போரை எதிர்த்தால் ‘பெண்களுக்கு நாட்டுப்பற்று இல்லை’ என்று பேசுவார்களே, இத்தனை வருட உழைப்பும் வீணாகுமே என்று வாக்குரிமை இயக்கத்தின் பெரிய தலைவர்களே பயந்தார்கள். தம்பி வெலிங்டன் வக்கீல். அக்காவின் தேர்தல் வேலையை நடத்தியவர். ஆண்பிள்ளை போல வாக்களி என்று அவரும் வற்புறுத்தினார்.

பெயர் கூப்பிட்டார்கள். முதல் சுற்றில் ராங்கினிடமிருந்து பதில் இல்லை. முன்னாள் சபாநாயகர் ஜோ கேனன் பக்கத்தில் வந்து, இந்த நாட்டுப் பெண்களுக்கெல்லாம் நீதான் பிரதிநிதி, வாக்களிக்காமல் இருந்துவிடாதே என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டாவது சுற்றில் எழுந்து நின்றார். “என் நாட்டோடு நிற்கவே விரும்புகிறேன். ஆனால் போருக்கு வாக்களிக்க என்னால் முடியாது” என்றார். பெயர் கூப்பிடும்போது விளக்கம் சொல்லக்கூடாது என்பது சபை வழக்கம், அதையும் மீறியாயிற்று. அவர் தேம்பித் தேம்பி அழுதார் என்று பத்திரிகைகள் எழுதின. அவர் அழுததைப் பார்த்தீர்களா என்று உறுப்பினர் லாகார்டியாவைக் கேட்டபோது, தெரியவில்லை, என் கண்ணிலேயே தண்ணீர் நிறைந்திருந்தது என்றாராம்.

373க்கு 50. ராங்கினைத் தவிர எதிர்த்த 49 பேரும் ஆண்கள். அவர்களில் ஒருவர், சபையில் ஜனநாயகக் கட்சியின் தலைவரான கிளாட் கிட்சின். தன் கட்சி அதிபரையே எதிர்த்து வாக்களித்தார். ஆனால் ஊர் திட்டித் தீர்த்தது ஒரே ஒரு பெண்ணை.

சரி, இந்த வாக்குகளை விட்டு அவர் என்ன செய்தார் என்று பார்ப்போம். என் நாலு வரியில் இதுவும் இல்லை, இதுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

1880இல் மொன்டானாவில், மிசூலாவுக்குப் பக்கத்தில் பிறந்தவர். அப்பாவுக்குப் பண்ணை, கட்டட வேலை. அம்மா பள்ளி ஆசிரியையாக இருந்தவர். ராங்கின் உயிரியல் படித்தார், பள்ளியில் பாடம் நடத்தினார், தையல் வேலை பார்த்தார், நியூயார்க் போய் சமூகப் பணி படித்தார். எதிலும் நிலைக்கவில்லை. 1910இல் வாஷிங்டன் மாநிலத்தின் வாக்குரிமைப் பிரசாரத்தில் இறங்கினார். ஊர் ஊராகப் போய்ப் பேசுவதுதான் தன் தொழில் என்று அப்போது கண்டுபிடித்தார் போலிருக்கிறது. 1914இல் மொன்டானா பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. இரண்டு வருடத்தில் காங்கிரஸுக்கே போய்விட்டார்.

அதில் ஒரு நல்ல கணக்கும் இருந்தது. மொன்டானாவுக்கு அப்போது இரண்டு இடங்கள், தொகுதிப் பிரிப்பு கிடையாது. மாநிலம் முழுவதும் ஒரே தொகுதி, ஆளுக்கு இரண்டு வாக்கு. ஜனநாயகக் கட்சிக்காரர் ஒரு வாக்கைத் தன் கட்சிக்குப் போட்டுவிட்டு, இன்னொன்றைக் குடியரசுக் கட்சியில் நிற்கும் இந்தப் பெண்ணுக்குப் போடலாம். கட்சி மாறின உறுத்தலும் இருக்காது. இரண்டாவது இடம் பிடித்து ஜெயித்தார்.

1917 ஜூன் 8. பியூட் என்ற செம்புச் சுரங்க நகரம். ஸ்பெகுலேட்டர் சுரங்கத்தில் தீத்தடுப்பு வேலைக்காக மின்கம்பி ஒன்றை உள்ளே இறக்கிக்கொண்டிருந்தார்கள். கம்பி கைநழுவிக் கீழே போய்விழுந்தது. அதைப் பார்க்க இறங்கியவரின் கார்பைட் விளக்கு, எண்ணெய் ஊறிய கம்பி உறையில் பட்டுவிட்டது. சுரங்கத்துக்குக் காற்று போகிற வழியே தீக்குழாயானது. 168 பேர் செத்தார்கள், பெரும்பாலும் புகையில். தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்கள் ஒழிக்கச் சொன்னவற்றில் ஒன்று வேலைச் சீட்டு. கம்பெனி கொடுக்கும் அந்தச் சீட்டு இல்லாமல் சுரங்கத்தில் யாருக்கும் வேலை கிடையாது. சங்கம், கிங்கம் என்று வாயைத் திறந்தவனுக்குச் சீட்டே கிடையாது. மொன்டானாவில் ‘கம்பெனி’ என்றால் அனகோண்டா செம்புக் கம்பெனிதான். மாநிலத்தின் முக்கியப் பத்திரிகைகள் அதன் கையில் இருந்தன.

ராங்கின் அரசு தலையிட வேண்டும் என்று கேட்டார். தேவைப்பட்டால் அதிபரே சுரங்கங்களை எடுத்து நடத்தலாம் என்று சபையில் தீர்மானம் கொண்டுவந்தார். அதோடு நிற்காமல் ஆகஸ்டில் பியூட்டுக்கே போனார். அந்த மாதம் முதல் தேதிதான் பிராங்க் லிட்டில் என்ற தொழிற்சங்கக்காரரை அதே ஊரில் ராத்திரி படுக்கையிலிருந்து இழுத்துப்போய் ரயில் பாலத்தில் தூக்கில் தொங்கவிட்டிருந்தார்கள். அந்த ஊருக்குப் போய்ப் பொதுக்கூட்டத்தில் பேசினார். தீர்மானம் எங்கும் போய்ச் சேரவில்லை. கம்பெனிக்கு மட்டும் அவர் யாரென்று நன்றாகத் தெரிந்துவிட்டது.

அடுத்த தேர்தலுக்குள் மாநிலச் சட்டமன்றம் மொன்டானாவை இரண்டு தொகுதிகளாக வெட்டியது. ராங்கின் இருந்த மேற்குப் பாதி ஜனநாயகக் கட்சி பலமாக இருந்த இடம். இரண்டு வாக்குக் கணக்கு செத்தது. மேல்சபையான செனட்டுக்கு நின்று பார்த்தார், தோற்றார். போர் எதிர்ப்பு வாக்குதான் அவரைக் கவிழ்த்தது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நான் வரைபடத்தையும் சுரங்கத்தையும் கூடவே சேர்ப்பேன்.

அந்தச் சபைக் காலத்தில் அவர் செய்த இன்னொன்று உங்கள் மகளுக்குப் பிடிக்கும். நாணயத் தாள்களும் பத்திரங்களும் அச்சடிக்கும் அரசு அச்சகத்தில் பெண்கள் பன்னிரண்டு மணி நேரம், அதற்கும் மேலே வேலை பார்ப்பதாகப் புகார் வந்தது. ராங்கின் விசாரணை நடக்க வைத்தார். எட்டு மணி நேர வேலை திரும்ப வந்தது. நாடு முழுவதும் பெண்களுக்கு வாக்குரிமை தரும் அரசியலமைப்புத் திருத்தத்தின் மீதான விவாதத்தை 1918 ஜனவரி 10 அன்று சபையில் தொடங்கி வைத்தவரும் அவர்தான். உலகத்தில் ஜனநாயகத்தைக் காப்பாற்றப் போருக்குப் போகிற இதே காங்கிரஸ், சொந்த நாட்டுப் பெண்களுக்கு இந்தச் சின்ன ஜனநாயகத்தைக் கூடத் தராவிட்டால் என்ன விளக்கம் சொல்வோம் என்று கேட்டார். ஒன்பது மாதத்துக்கு முன்னால் தன்னைத் திட்டியவர்களின் சொல்லை எடுத்து அவர்களிடமே நீட்டினார். தோள் எலும்பு முறிந்த டென்னஸி உறுப்பினர் ஒருவர், கட்டுப் போட்டுக்கொள்ளாமல் வலியோடு வந்து வாக்களித்த நாள் அது. 274க்கு 136. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், ஒரு வாக்கு குறைந்திருந்தாலும் போயிருக்கும். அப்புறம் செனட்டில் அது விழுந்து எழுந்து 1920இல்தான் சட்டமானது.

இப்போது உங்கள் பேர்ல் ஹார்பர் கேள்வி. 1940இல், அறுபது வயதில், ராங்கின் மறுபடி நின்றார். தொகுதியில் 56 உயர்நிலைப் பள்ளிகள். 52க்கு நேரில் போய்ப் பிள்ளைகளிடம் பேசினார். போர் வந்தால் போகப்போகிறவர்கள் அவர்கள்தானே. நம் ஆட்களை ஐரோப்பாவுக்கு அனுப்பவிட மாட்டேன் என்று சொல்லித்தான் வாக்குக் கேட்டார். ஜெயிக்கவும் வைத்தார்கள்.

அடுத்த வருடம் டிசம்பர் 8, பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு மறுநாள், ஜப்பான் மீதான போர்த் தீர்மானம் சபைக்கு வந்தபோது பேச எழுந்தார். சபாநாயகர் ரேபர்ன் அனுமதிக்கவே இல்லை. சுற்றிலும் ‘உட்கார்’ என்று கூச்சல். “ஒரு பெண்ணாக நான் போருக்குப் போக முடியாது, வேறு யாரையும் அனுப்பவும் மாட்டேன்” என்றார். 388க்கு 1. வெளியே வந்தபோது கூட்டம் சூழ்ந்துகொண்டது. ஒரு தொலைபேசிக் கூண்டுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டு போலீஸைக் கூப்பிட வேண்டியிருந்தது. அறுபத்தொரு வயதுப் பெண்மணி, கண்ணாடிக் கூண்டுக்குள். தம்பி தந்தி அடித்தார்: மொன்டானா நூற்றுக்கு நூறு உனக்கு எதிர். மூன்று நாள் கழித்து ஜெர்மனி, இத்தாலி மீதான வாக்கெடுப்புகளில் ஆதரவும் சொல்லவில்லை, எதிர்ப்பும் சொல்லவில்லை. ‘இருக்கிறேன்’ என்று மட்டும் பதிவு செய்தார்.

1941 வாக்கில் நான் உங்கள் பக்கம்தான். ஜப்பான் ஏற்கெனவே போரைத் தொடங்கிவிட்டது. அவர் 1917 டிசம்பரில் சொன்ன அதே வாதம், போர் வந்தாகிவிட்டது என்பது, 1941க்கு இன்னும் நன்றாகப் பொருந்தும். அங்கே வளைந்தார், இங்கே வளையவில்லை. ஒரு வருடம் கழித்து, அதிபர் ரூஸ்வெல்ட்தான் ஜப்பானைத் தூண்டிவிட்டார் என்ற தொனியில் சபைப் பதிவேட்டில் கேள்விகள் அடுக்கினார். அது அவருக்குப் பெருமை சேர்க்கவில்லை. ஆனால் தொகுதியை ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். என்ன சொல்லி வாக்குக் கேட்டாரோ அதைச் செய்தார்; நிலைமை மாறியது, மக்கள் மனசு மாறியது, அவர் மாறவில்லை. அந்த ஊரிலும் கொறடா உண்டு, ஆனால் கட்சி சொல்வதை மீறினால் பதவியைப் பறிக்கும் சட்டம் இல்லை. தண்டிக்க வேண்டுமானால் வாக்காளர்தான் தண்டிக்க வேண்டும், அதுவும் அடுத்த தேர்தலில். அந்தத் தண்டனை வரும் என்று தெரிந்துதான் 1942இல் அவர் நிற்கவே இல்லை. மேயர் லண்டன், கிட்சின், ராங்கின் எல்லோரையும் இன்றைக்கு நாம் பெயர் சொல்லிப் பேச முடிகிறதென்றால், யார் எந்தப் பக்கம் என்று ஆள் ஆளாகப் பதிவாகியிருப்பதால்தான்.

அப்புறம் 1946 முதல் 1971 வரை ஏழு முறை இந்தியா வந்தார், காந்தியின் வழியைத் தெரிந்துகொள்ள. 1968இல், 87 வயதில், வியட்நாம் போருக்கு எதிராக ஆயிரக்கணக்கான பெண்களோடு வாஷிங்டனில் நடந்தார். 1973இல் இறந்தார். காங்கிரஸ் கட்டடத்தில் மொன்டானா சார்பில் அவருக்குச் சிலை இருக்கிறது. அடியில் ‘போருக்கு வாக்களிக்க என்னால் முடியாது’ என்று பொறித்திருக்கிறார்கள். சிலை வைத்தவர்களும் என்னைப் போலத்தான், டிசம்பர் 7ஐ விட்டுவிட்டார்கள்.

என் குறிப்பில் ‘போர் என்றாலே’ என்பதை நீக்கிவிட்டு டிசம்பர் வாக்கைச் சேர்த்திருக்கிறேன், உங்கள் கடிதத்தின் பேரில் என்று போட்டு. மகள் தைரியமாகப் பேசட்டும். ‘இவர் ஒரு முறை போருக்கும் வாக்களித்தார்’ என்றே ஆரம்பித்தால் நடுவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். பேச்சு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் தொலைபேசிக் கூண்டை வெட்டச் சொல்லுங்கள். சுரங்கத்தை வெட்ட வேண்டாம்.