ஆர்.சி. இருக்கிறது, பில் ஆஃப் என்ட்ரி எங்கே?

கேள்வி: என் அப்பா மஸ்கட்டில் பதினெட்டு வருடம் லேண்ட் குரூசர் ஓட்டியவர். அவருடைய பீமரத சாந்திக்குப் பரிசாகக் கொடுக்க, 1987 மாடல் லேண்ட் குரூசர் ஒன்றை ஒரு புரோக்கர் மூலம் 16 லட்சத்துக்கு வாங்கினேன். 5 லட்சம் வங்கியில் போட்டேன், மீதி ரொக்கம். பூட்டான் ராணுவத்தில் ஓடிய வண்டி என்று புரோக்கர் பெருமையாகச் சொன்னார். இமாச்சலப் பதிவு, ஆர்.சி. சரியாக இருந்தது. என்.ஓ.சி. வாங்கி, இங்கே ஆயுள் வரி கட்டி, கோவை எண்ணுக்கும் மாற்றிவிட்டேன். போன வாரம் சுங்க அதிகாரிகள் வந்து வண்டியைக் கைப்பற்றியதாக எழுதி, என் வீட்டிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டுப் போனார்கள். விசாரணைக்குச் சம்மனும் வந்திருக்கிறது. கேரளத்தில் நடிகர்களுக்கு வண்டி திரும்பக் கிடைத்ததாகப் படித்தேன். எனக்கு மட்டும் ஏன் இந்த அநியாயம்? புரோக்கர் 9 லட்சம் திருப்பித் தருகிறேன், வண்டியைக் கொடுத்துவிடு, விசாரணையில் என் பெயரைச் சொல்லாதே என்கிறார். என்ன செய்யலாம்? - கோவை வாசகர்

பதில்:

நான்கு பக்கக் கடிதம், இங்கே சுருக்கிப் போட்டிருக்கிறோம். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அலைந்தது, தெருவில் உள்ளவர்கள் வேடிக்கை பார்த்தது, புகார் கொடுத்தது யார் என்ற சந்தேகம் எல்லாம் எழுதியிருந்தீர்கள். சுங்கத் துறையின் கோப்பில் இவை எதற்கும் இடமில்லை. அங்கே கேட்கப்போவது ஒரே கேள்வி: இந்தச் சேஸிஸ் எண்ணுக்கு, இந்திய எல்லையில் வரி கட்டியதைக் காட்டும் பில் ஆஃப் என்ட்ரி இருக்கிறதா?

இல்லை. இருந்திருந்தால் முதல் பக்கத்திலேயே எழுதியிருப்பீர்கள்.

ஆர்.சி. என்பது வண்டி சாலையில் ஓடுவதற்கான காகிதம். வண்டி நாட்டுக்குள் எப்படி வந்தது என்பதற்கு அது சாட்சி அல்ல. ஆயுள் வரி ரசீதும் அப்படித்தான். மாநிலத்துக்குக் கட்டிய பணம் மத்திய அரசின் சுங்க வரிக் கணக்கில் சேராது. உங்கள் ஆர்.சி. நகலை மறுபடி எடுத்துப் பாருங்கள். தயாரிப்பு 1987, முதல் பதிவு 2021. நடுவில் முப்பத்து நான்கு வருடம் அந்த வண்டி எங்கே இருந்தது? வாங்கும்போது உங்களுக்குத் தோன்றாத இந்தக் கேள்வி, அதிகாரிக்கு முதல் பார்வையிலேயே தோன்றிவிடும்.

பூட்டானோடு நமக்குத் தடையற்ற வணிகம் உண்டே என்று சிலர் வாதாடச் சொல்வார்கள். அந்தச் சலுகை பூட்டானில் விளைந்த, பூட்டானில் தயாரான பொருளுக்கு. ஜப்பானில் செய்த டொயோட்டா, பூட்டான் எல்லை ஊரான புன்ஷோலிங்கில் சில வருடம் நின்றதால் பூட்டான் பொருளாகிவிடாது. அங்கிருந்து எல்லையைத் தாண்டி நம் பக்கத்து ஊரான ஜெய்காவுக்கு வந்த நிமிடமே அது இறக்குமதி. பழைய வண்டி இறக்குமதி என்றால் தயாரித்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. 1950-க்கு முந்தைய வண்டிகளுக்குத் தனிக் கதவு ஒன்று இருந்தது. இப்போது அதை 50 வருடம் கடந்த வண்டிகளுக்கு எனத் தளர்த்தியிருக்கிறார்கள். உங்களுடையது இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட வண்டி. மூன்று வருடத்துக்கு ரொம்பப் பழசு, ஐம்பது வருடத்துக்கு ரொம்பப் புதுசு. அதாவது, புரோக்கர் நேர்மையானவராகவே இருந்து வரி கட்ட முன்வந்திருந்தாலும் இந்த வண்டியை முறைப்படி கொண்டுவந்திருக்க முடியாது.

இனி உங்கள் ‘நல்லெண்ணம்’. தெரியாமல் வாங்கியவன் என்ற வாதம் வண்டியைக் காப்பாற்றாது. சுங்கச் சட்டம் 1962, பிரிவு 111-இன்படி பறிமுதல் என்பது பொருளின் மேல் விழும் நடவடிக்கை. அது எத்தனை கை மாறியிருந்தாலும் விழும். நல்லெண்ணம் காப்பாற்றுவது உங்களைத்தான். பிரிவு 112-இல் தண்டம் போட, அந்தப் பொருள் பறிமுதலுக்கு உரியது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது அப்படி நம்பக் காரணம் இருந்திருக்க வேண்டும். இந்தத் தண்டம் வண்டியின் மதிப்பு வரைக்கும் போகலாம்.

நான் பயப்படுவது இங்கேதான். ‘பூட்டான் ராணுவத்தில் ஓடிய வண்டி என்று புரோக்கர் சொன்னார்’ என நீங்கள் ரசித்து எழுதியிருக்கும் அந்த ஒரு வரியை எனக்கு எழுதியதுபோல விசாரணையிலும் விளக்கம் இல்லாமல் எழுதிக் கொடுத்தால், துறைக்கு வேறு சாட்சி தேவைப்படாது. வெளிநாட்டு வண்டி என்று தெரியும், வரி ரசீது கேட்கவில்லை, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்திருக்கிறார்: நம்பக் காரணம் இருந்தது என்று முடித்துவிடுவார்கள்.

பிரிவு 108 சம்மனைப் போலீஸ் விசாரணை மாதிரி நினைத்துக்கொண்டு போகிறவர்களை வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன். சுங்க அதிகாரி போலீஸ் அதிகாரி அல்ல. அவர் முன் எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம் உங்களுக்கு எதிராகச் சாட்சியாகும். அங்கே உண்மை சொல்வது சட்டக் கடமை. பொய் சொன்னால் அது தனிக் குற்றம். என் கட்சிக்காரர் ஒருவர், வேறொரு வண்டி வழக்கில், மாலை நான்கு மணிக்குக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு ‘ஆமாம், கடத்தல் வண்டி என்று தெரியும், மன்னித்துவிடுங்கள்’ என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அவருக்குத் தெரிந்தது சம்மன் வந்த பிறகுதான். ‘இப்போது தெரியும்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘தெரியும்’ என்று எழுதினார். இரண்டு மாதம் கழித்து என்னிடம் வந்தார். எழுதிக் கொடுத்ததை உடனே மறுத்திருந்தால் வாதாட ஏதாவது இருந்திருக்கும்.

ஆகவே, என்ன தெரியும் என்பதோடு எப்போது தெரியும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். இந்திய ஆர்.சி. இருந்ததால் வரியெல்லாம் முடிந்த வண்டி என்று நீங்கள் நினைத்தது உண்மையானால், பூட்டான் ராணுவம் பற்றிய வாக்கியத்துக்கு அடுத்த வாக்கியமாக அது வர வேண்டும். எழுதியதை ஒருமுறை முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வழக்கறிஞர் கண்ணுக்கு எட்டும் தூரத்தில், காதுக்கு எட்டாத இடத்தில் இருக்க நீதிமன்றங்கள் அனுமதித்திருக்கின்றன. முன்கூட்டியே மனுப் போட வேண்டும். புரோக்கரோடு பேசிய வாட்ஸ்அப்பை அழிக்காதீர்கள். அழித்தது தெரிந்தால் நல்லெண்ணம் என்ற சொல்லையே நீங்கள் உச்சரிக்க முடியாது.

நடிகர்கள் கதைக்கு வருகிறேன். 2025 செப்டம்பரில் கொச்சி சுங்கத் துறை ‘நும்கோர்’ என்ற பெயரில் சோதனை நடத்தி, நடிகர்களின் வண்டிகளையும் கைப்பற்றியது. அந்தப் பெயருக்குப் பூட்டான் மொழியில் வண்டி என்று பொருள். நீங்கள் படித்தது பிரிவு 110ஏ-இன்படி தரும் தற்காலிக விடுவிப்பு. பத்திரமும் பிணைத்தொகையும் வாங்கிக்கொண்டு, வழக்கு முடியும்வரை வண்டியை உங்கள் பொறுப்பில் விடுவது. அதற்கு ஒரு விலை உண்டு. கைப்பற்றிய ஆறு மாதத்தில், நீட்டித்தால் மேலும் ஆறு மாதத்தில், காரணம் கேட்கும் நோட்டீஸ் வராவிட்டால் வண்டியைத் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம். தற்காலிக விடுவிப்பு உத்தரவு வந்துவிட்டால் இந்தக் கெடு உங்களுக்குக் கிடையாது. விழாவுக்குள் வண்டி வேண்டும் என்று அவசரப்பட்டு மனுப் போட்டு, கையில் இருந்த ஒரே கடிகாரத்தை நிறுத்திக்கொண்டவர்கள் உண்டு.

அபராதம் கட்டி மீட்டுவிடலாமே என்பீர்கள். பிரிவு 125 அதற்கு வழி வைத்திருக்கிறது; ஆனால் தடைசெய்யப்பட்ட இறக்குமதி என்றால் அந்த வாய்ப்பைத் தருவதும் தராததும் அதிகாரியின் விருப்பம். தந்தாலும் மீட்பு அபராதத்துக்கு மேல் சுங்க வரியும் ஜி.எஸ்.டி.யும் சேரும், வரிகள் மட்டுமே வண்டியின் மதிப்பைத் தாண்டிவிடும். அத்தனையும் கட்டி முடித்த பிறகு, பொய்யான ஆவணத்தில் பெற்ற பதிவு என்று மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 55-இல் ஆர்.சி. ரத்தாகலாம். ‘வி.ஏ.’ எழுத்தோடு தரும் விண்டேஜ் பதிவும் 50 வருடம் கடந்த வண்டிக்குத்தான். ஷெட்டில் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருக்க முப்பது, நாற்பது லட்சம் செலவழிக்கப் போகிறீர்களா? நான் உங்கள் வழக்கறிஞராக இருந்தால் வண்டியை விட்டுவிடச் சொல்வேன். சண்டை தண்டத்தைக் குறைப்பதற்கு மட்டும்.

புரோக்கரின் 9 லட்சம். வாங்கிக்கொள்ளுங்கள். 11 லட்சம் ரொக்கத்துக்கு ரசீது இல்லாமல் சிவில் கோர்ட்டுக்கோ நுகர்வோர் ஆணையத்துக்கோ போனால், நிரூபிக்க முடிவது வங்கியில் போன 5 லட்சம்தான். அவர் கொடுப்பது அதைவிட 4 லட்சம் கூடுதல். பயத்தில் கொடுக்கிறார், பயம் தெளிந்தால் கொடுக்க மாட்டார். ஆனால் அவருடைய இரண்டு நிபந்தனைகளையும் வெட்டிவிடுங்கள். வண்டியைத் திருப்பித் தர உங்களால் முடியாது. கைப்பற்றி உங்கள் பொறுப்பில் விட்ட பொருள் அது, கை மாற்றினால் புதிய குற்றம். பெயர் சொல்லமாட்டேன் என்றும் எழுதித் தரக் கூடாது. விசாரணையில் கேட்டால் சொல்லித்தான் ஆக வேண்டும். பணம் வங்கி வழியாக வரட்டும். ‘வண்டி விற்பனைத் தொகையில் திருப்பித் தந்தது’ என்று ஒரு வரி போதும்.

விழா மண்டபம் வரைக்குமாவது ஓட்டிப் போகலாமா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். கூடாது, தெருமுனை வரைக்கும்கூட. கைப்பற்றும்போது எழுதிய மகஜரில் டயர் எண்ணிக்கையிலிருந்து ஸ்டீரியோ வரை எழுதியிருப்பார்கள். கழுவலாம், உறை போடலாம். ஒரு பல்பைக்கூட மாற்றாதீர்கள்.