அம்மா பொறந்தநாளுக்கு பஃபே கூட்டிட்டுப் போனது தப்பா அக்கா?

கேள்வி: அக்கா, எனக்கு ஊரு பாபநாசம் பக்கம். அம்மாவுக்கு 65 வயசு ஆச்சு, பொறந்தநாளுக்கு ஏதாவது பெருசா செய்யணும்னு நானும் அண்ணனும் காசு போட்டு தஞ்சாவூர்ல ஒரு பஃபே ரெஸ்டாரன்ட்டுக்கு கூட்டிட்டுப் போனோம், ஆறு பேரு, தலைக்கு 699 ரூபா. ராத்திரி எட்டரைக்குத்தான் டேபிள் கிடைச்சுது, அதுக்குள்ள பாதி பாத்திரம் காலி, சாம்பார் ஆறிப்போய் ஆடை படிஞ்சு கிடந்துச்சு, கேட்டா இதோ வருதுன்னாங்க, வரவே இல்ல. அம்மாவுக்கு மூட்டு வலி, தட்டைத் தூக்கிட்டு லைன்ல நிக்க முடியாம உக்காந்துட்டாங்க. புக் பண்ணும்போது கேக் நாங்க தர்றோம்னு சொன்னவங்க கடைசில மறந்துட்டோம்னுட்டாங்க. பில்லு 4,844, அதுல சர்வீஸ் சார்ஜே 419. வீட்டுக்கு வந்து அம்மா மோர் சாதம் பிசைஞ்சு நார்த்தங்காய் தொட்டு சாப்பிட்டாங்கக்கா, எனக்கு அழுகையே வந்துடுச்சு. இனிமே எனக்குன்னு காசு செலவு பண்ணாதீங்கன்னு வேற சொல்லிட்டாங்க. நட்சத்திரப் பொறந்தநாள் இன்னும் பத்து நாள்ல வருது. என்ன செய்யட்டும்?

பதில்: நீங்க ஒரு தப்பும் பண்ணலம்மா, அத முதல்ல மனசுலேர்ந்து எடுங்க. தப்பு அந்த ஹோட்டல் மேல.

காசு விஷயத்த முதல்ல முடிச்சிடுவோம். சர்வீஸ் சார்ஜ் வரி கிடையாது, அது ஹோட்டல்காரங்களுக்கே போற பணம். 5 சதவீத ஜிஎஸ்டிதான் அரசாங்கத்துக்குப் போறது. சர்வீஸ் சார்ஜ அவங்களா பில்லுல சேக்கக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலயே சொல்லிடுச்சு, டெல்லி ஹைகோர்ட்டும் 2025 மார்ச்ல அது சரின்னு தீர்ப்பு குடுத்துச்சு. உங்க பில்லுல அந்த 419 மேலயும் ஜிஎஸ்டி போட்டிருக்காங்க, 21 ரூபா, கணக்குப் போட்டுப் பாருங்க. ஆக 440 ரூபா. பில்லோட போய் திருப்பிக் கேளுங்க, தரலன்னா 1915-க்கு போன் பண்ணுங்க, அது தேசிய நுகர்வோர் உதவி எண். கேக் தர்றேன்னு மெசேஜ்ல சொல்லியிருந்தா அதையும் அழிக்காம வைங்க.

அந்த ஆறிப்போன சாம்பார சின்ன விஷயம்னு விடாதீங்க. சூடா வைக்க வேண்டிய சாப்பாடு 60 டிகிரிக்குக் குறையக் கூடாது, குறைஞ்சா கிருமி பெருகும். அதுக்காகத்தான் பஃபே பாத்திரத்துக்கு அடியில வெந்நீர் தட்டு வச்சு கீழ ஜெல் எரிய விடுறாங்க, அந்த ஜெல் தீந்து போனத யாரும் கவனிக்கலன்னா ஆடை படியும். வயசானவங்க சாப்பிடுற எடத்துல இது ரொம்ப பெரிய அலட்சியம், புகார்ல இதையும் சேத்துச் சொல்லுங்க.

இப்ப அம்மா விஷயம். எனக்கு உங்க லெட்டர்ல நெஞ்ச அடைச்சது அந்த நார்த்தங்காய்தான். நம்ம தஞ்சாவூர் பக்கத்துப் பொம்பளைங்க ஆயுசு முழுக்க பந்தியில மத்தவங்களுக்குப் போட்டே பழகினவங்க, இன்னும் கொஞ்சம் போடட்டுமான்னு கேட்டுக் கேட்டுப் பரிமாறிட்டு கடைசிப் பந்தியில மிச்சம் மீதியத்தான் சாப்பிடுவாங்க. அப்படிப்பட்டவங்க கையில தட்டைக் குடுத்து, லைன்ல நின்னு நீங்களே எடுத்துக்கோங்கன்னா, அது 699 ரூபா இல்ல, 2000 ரூபாயா இருந்தாலும் அவங்களுக்கு விருந்தா இருக்காது. மூட்டு வலி இல்லன்னாலும் உங்கம்மா எந்திரிச்சு ரெண்டாவது தடவ எடுத்திருக்க மாட்டாங்கன்னுதான் நான் நினைக்கிறேன்.

அதனால நட்சத்திரப் பொறந்தநாள வீட்டுலயே பண்ணுங்க. அன்னைக்கு அம்மாவ அடுப்பங்கரைக்குள்ளயே விடாதீங்க. காலையில இட்லிக்கு கடப்பா வைங்க, அசோகா அல்வாவுக்கு அண்ணன திருவையாறுக்கு அனுப்புங்க, பக்கந்தானே. மத்தியானம் நாலே ஐட்டம் போதும், ஆனா சுடச்சுட இருக்கணும். நாற்காலி போட்டு மேசையில தலைவாழை இலை விரிச்சு அம்மாவ மொத ஆளா உக்கார வைங்க, கரண்டி அண்ணன் கையில இருக்கட்டும், நீங்க பக்கத்துல நில்லுங்க. போதும் போதும்னு இலைய கையால மறைப்பாங்க, உடனே விட்டுடாதீங்க, இன்னொரு தடவ கேளுங்க. அப்பறம் மோர் ஊத்துங்க, நார்த்தங்காயும் வைங்க.