ஊரில் முதியோருக்கான பகல்நேர மையத்தை எப்படித் திட்டமிடுவது?

சமுதாயக் கூடத்தில் யோகா, பஜனை, மருத்துவ முகாம் எல்லாம் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வைக்கலாம். ஆனால் அதற்கு முன் வீடு வீடாகப் போய், அங்கே வருவதற்கு என்ன தடை என்று பெரியவர்களிடமே கேளுங்கள். படி ஏற முடியாது என்பார்கள், பேரப்பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வரணும் என்பார்கள். பாட்டிமார் பலர் வாய்விட்டுச் சொல்லாத காரணம் கழிப்பறை. உட்காரும் வகைக் கழிப்பறை, சுவரில் கைப்பிடி, வழுக்காத தரை, இவை இல்லாவிட்டால் மற்ற செலவெல்லாம் வீண். முதல் பணத்தை இதில்தான் போட வேண்டும்.

தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைப் பாருங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரைகளைத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே கொண்டு வருகிறார்கள். நடக்க முடியாதவர்களுக்கு அதுதான் பெரிய விஷயம். உங்கள் மையமும் அப்படி வாரம் ஒரு நாளாவது படுக்கையில் இருப்பவர்களைத் தேடிப் போகட்டும்.

அப்புறம், வருபவர்களை உட்கார வைத்து உபசரிப்பதோடு நிறுத்தாதீர்கள். கணக்கு எழுத ஓய்வுபெற்ற ஆசிரியர், சமையலுக்குக் கைப்பக்குவம் உள்ள ஓர் அம்மா என்று பொறுப்பைக் கொடுங்கள். வேலை இருந்தால் தவறாமல் வருவார்கள்.

ஓய்வூதிய மனு எழுதித்தர ஒரு மேசை போடுங்கள். முதியோர் உதவி எண் 14567-ஐ வாசலில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.