கம்பெனியை மூடுகிறோம், ராஜினாமா எழுதிக் கொடு என்கிறார்கள்: கொடுக்கலாமா?

கேள்வி: வணக்கம் மேடம். ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் 2014 ஜூன் மாதத்திலிருந்து பிரஸ் ஷாப்பில் (தகடுகளை அழுத்தி வடிவமைக்கும் பிரிவு) வேலை பார்க்கிறேன். பெர்மனென்ட். மொத்தச் சம்பளம் 30,000. அதில் பேசிக்கும் டி.ஏ.வும் சேர்ந்து 12,000, மீதி எல்லாம் அலவன்ஸ். எங்கள் சரக்கில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போகும். போன வருஷம் அங்கே வரி போட்ட பிறகு ஆர்டர் விழுந்துவிட்டது. வாரத்தில் இரண்டு நாள் ‘நோ ஒர்க் டே’ என்று வீட்டுக்கு அனுப்பி, அதை ஈ.எல்.லில் (சம்பாதித்த விடுப்பில்) கழித்தார்கள். இந்த பிப்ரவரி 2ஆம் தேதி, மாதக் கடைசியோடு கம்பெனியை மூடுவதாக நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். எச்.ஆர். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, “மார்க்கெட் டவுன், சட்டப்படி போனால் மூன்று மாதச் சம்பளம்தான் வரும், ராஜினாமா கொடுத்தால் கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்து இரண்டு லட்சம்” என்கிறார். பெர்மனென்ட் 140 பேர், கான்ட்ராக்ட் 220 பேர் இருந்தோம். என்னை இரண்டு வருஷத்துக்கு முன் டீம் லீடர் ஆக்கினார்கள், அதனால் எனக்குத் தொழிலாளர் சட்டமே பொருந்தாது என்றும் சொல்கிறார்கள். திங்கட்கிழமை என் முறை. என்ன செய்வது? பெயர் போட வேண்டாம்.

பதில்: திங்கட்கிழமை கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ஏன் இதை முதலில் சொல்கிறேன் என்றால், கம்பெனி மூடுவதற்காகச் சட்டம் உங்களுக்குத் தரும் ஒவ்வொரு ரூபாயும் ‘நிர்வாகம் வேலையை முடித்தது’ என்ற ஒன்றின் மேல்தான் நிற்கிறது. ராஜினாமா கொடுத்துவிட்டால், வேலையை முடித்தது நீங்கள் என்று ஆகிவிடும். கம்பெனி மூடினதற்கான இழப்பீடு, நோட்டீஸ் சம்பளம், ஈ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்கு வேலையிழப்பு உதவித்தொகை எல்லாவற்றையும் அந்த ஒரு காகிதம் அடித்துவிடும். சில வருஷங்களுக்கு முன் இதே வட்டாரத்திலிருந்து ஒருவர் தான் கையெழுத்துப் போட்ட காகிதத்தின் செல்போன் படத்தை என்னிடம் காட்டினார். நான்கு பத்தி ஆங்கிலம். “சொந்தக் குடும்பக் காரணங்களுக்காக, யாருடைய வற்புறுத்தலும் இன்றி” விலகுவதாக எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தில் தமிழில் இருந்தது அவருடைய கையெழுத்து மட்டும்தான். அதை மிரட்டி வாங்கினார்கள் என்று நிரூபிக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. உங்கள் நண்பர்களில் யாராவது ஏற்கெனவே கொடுத்திருந்தால், நிர்வாகம் அதை ஏற்று உத்தரவு தருவதற்குள், முடிந்தால் இன்றைக்கே, “கட்டாயத்தால் கொடுத்தேன், திரும்பப் பெறுகிறேன்” என்று எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள்.

சரி, அந்த மூன்று மாதச் சம்பளக் கதைக்கு வருவோம். எச்.ஆர். முழுப் பொய் சொல்லவில்லை. பாதிச் சட்டத்தைச் சொல்கிறார். 2025 நவம்பர் 21 முதல் 1947ஆம் ஆண்டின் தொழிற்தகராறு சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. அதன் 75ஆவது பிரிவு, கம்பெனி மூடும்போது, ஒரு வருஷமாவது தொடர்ந்து வேலை செய்த தொழிலாளிக்கு ஆள்குறைப்பில் தருவது போலவே நோட்டீசும் இழப்பீடும் தரச் சொல்கிறது. அதே பிரிவில் ஒரு விதிவிலக்கு உண்டு. முதலாளியின் சக்திக்கு மீறிய, தவிர்க்கவே முடியாத சூழ்நிலையால் மூடினால் இழப்பீடு மூன்று மாதச் சராசரி ஊதியத்தைத் தாண்ட வேண்டியதில்லை. எச்.ஆர். இங்கே நிறுத்திக்கொள்கிறார். கீழேயே ஒரு விளக்கம் இருக்கிறது: நிதி நெருக்கடி, நஷ்டம், விற்காமல் தேங்கிய சரக்கு ஆகியவற்றை மட்டுமே காரணமாகக் காட்டி ‘தவிர்க்க முடியாத சூழ்நிலை’ என்று சொல்ல முடியாது. பழைய சட்டத்திலும் இதே விளக்கம் இருந்தது. அதாவது, மார்க்கெட் விழுந்தது என்பதற்காக உங்கள் இழப்பீட்டைக் குறைக்கக் கூடாது என்று சட்டம் எழுதியவர்கள் முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கிறார்கள்.

நிர்வாகத்தின் வக்கீல் அமெரிக்க வரியைப் பிடித்துக்கொள்வார். 2025 மே மாதம் வாகன உதிரிபாகங்களுக்கு அங்கே 25 சதவீத வரி வந்தது உண்மை, அது உங்கள் முதலாளி கையில் இல்லை என்பதும் உண்மை. ஆனால் வரி வந்து உங்கள் பிரஸ்ஸை நிறுத்தவில்லை. ஆர்டர் குறைந்தது, சரக்கு தேங்கியது, நஷ்டம் வந்தது, அதனால் மூடுகிறார்கள். தேங்கிய சரக்கும் நஷ்டமும் விளக்கத்தில் பெயர் சொல்லி எழுதப்பட்டவை. இதில் நீங்கள் வலுவான இடத்தில் நிற்கிறீர்கள் என்பது என் கருத்து.

இப்போது கணக்கைப் போட்டுப் பார்ப்போம், ஏனென்றால் இரண்டு லட்சம் என்றதும் பெரிதாகத் தெரியும். புதிய சட்டத்தில் ‘ஊதியம்’ என்றால் பேசிக், டி.ஏ. போன்றவைதான். வீட்டு வாடகைப்படி முதலான அலவன்ஸ்கள் சேராது. ஆனால் அலவன்ஸ்கள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை ஊதியத்தோடு சேரும். உங்கள் அலவன்ஸ் 18,000, பாதி 15,000. ஆக 3,000 இந்தப் பக்கம் வந்து, உங்கள் ஊதியம் 15,000 ஆகிறது. வேலை செய்தது 11 வருஷம் 8 மாதம். ஆறு மாதத்துக்கு மேல் இருப்பதால் 12 வருஷமாக எடுக்க வேண்டும். மூடல் இழப்பீடு வருஷத்துக்கு 15 நாள் ஊதியம், அதாவது 7,500; பன்னிரண்டு வருஷத்துக்கு 90,000. கிராஜுவிட்டியில் மாத ஊதியத்தை 26ஆல் வகுத்து 15 நாளுக்குப் போடுவார்கள். அது 1,03,846 ரூபாய். உங்களுக்கு முழு ஒரு மாத நோட்டீஸ்கூடத் தரவில்லை, அதற்குப் பதிலாக 15,000. மூன்றும் சேர்ந்து 2,08,846. இதற்கு மேல் மீதி ஈ.எல்., கடைசி மாதச் சம்பளம். அவர்கள் கருணையோடு தருவதாகச் சொல்லும் ‘எல்லாம் சேர்த்து இரண்டு லட்சம்’ சட்டம் வைத்த அடிமட்டத்துக்கும் கீழே இருக்கிறது. கிராஜுவிட்டி நீங்கள் ராஜினாமா செய்தாலும் வரவேண்டிய உங்கள் பணம். அதை எடுத்துக்கொண்டு பார்த்தால், பன்னிரண்டு வருஷ வேலைக்கு அவர்கள் வைக்கும் விலை ஒரு லட்சத்துக்கும் குறைவு.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பழைய சட்டத்தில் அலவன்ஸ்களும் ஊதியக் கணக்கில் வந்தன. அதன்படி உங்கள் இழப்பீடு மட்டும் 1,80,000 வந்திருக்கும். புது விளக்கத்தால் கிராஜுவிட்டி கொஞ்சம் ஏறுகிறது, மூடல் இழப்பீடு பாதியாகிறது. அலவன்ஸைப் பெரிதாக்கி பேசிக்கைச் சின்னதாக வைத்த கம்பெனிகளின் தொழிலாளிகளுக்கு இது பெரிய அடி. எனக்கு இதில் வருத்தம் உண்டு, ஆனால் உங்களுக்குத் தப்பான நம்பிக்கை தர மாட்டேன்.

அதனால்தான் சட்டக் கணக்கோடு நின்றுவிடக் கூடாது என்கிறேன். 15 நாள் என்பது தரை. அதற்கு மேல் எவ்வளவு என்பது பேச்சுவார்த்தையில் முடிவாகும். 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. அதன் மறைமலைநகர் ஆலைத் தொழிலாளர்கள் ஆளுக்கொரு பக்கம் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தால் அவர்களுக்கும் கம்பெனி முதலில் சொன்னதுதான் கிடைத்திருக்கும். அவர்கள் ஒரு வருஷம் சேர்ந்து நின்றார்கள், வேலைநிறுத்தமும் செய்தார்கள், 15 நாள் கணக்கைப் போலப் பல மடங்கு பேசி வாங்கினார்கள். உங்கள் கம்பெனி ஃபோர்டு அல்ல, அவ்வளவு பணமும் இருக்காது. ஆனாலும் எச்.ஆர். ஏன் ‘ஒவ்வொருவராக’க் கூப்பிடுகிறார் என்று யோசியுங்கள். 140 பேரும் ஒரே கடிதம் கொடுங்கள். சங்கம் இருந்தால் சங்கம் பேசட்டும், இல்லாவிட்டால் ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்து எழுத்தில் அறிவியுங்கள்.

அடுத்தது, மூட அனுமதி வேண்டுமா என்பது. பழைய சட்டத்தில் 100 பேர் இருந்தாலே தொழிற்சாலையை மூட அரசின் முன் அனுமதி வேண்டும். ஆள்குறைப்புக்கு இப்படி அனுமதி கேட்கச் சொல்வது செல்லும் என்று 1992இல் உச்ச நீதிமன்றம் மதுரை மீனாட்சி மில்ஸ் தொழிலாளர் வழக்கில் சொன்னது. இப்போது அந்த எண்ணிக்கை 300. பெர்மனென்ட் 140 பேரை மட்டும் எண்ணினால் அனுமதி வேண்டாம், அரசுக்கு 60 நாள் முன்னறிவிப்பு போதும். அதைக்கூட அவர்கள் தரவில்லை. மாதத் தொடக்கத்தில் ஒட்டி மாதக் கடைசியில் மூடுவது 60 நாள் ஆகாது. இந்தத் தப்பு மூடலைத் தடுத்து நிறுத்திவிடும் என்று நம்பாதீர்கள். ஆனால் நிர்வாகத்துக்கு அபராதம் வரக்கூடிய விஷயம், பேச்சில் உங்கள் கையில் ஒரு பிடி.

220 கான்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்தால் 360. கடந்த 12 மாதத்தில் வேலை நாள் ஒன்றுக்குச் சராசரியாக எத்தனை பேர் என்பதுதான் கணக்கு, இன்றைக்கு எத்தனை பேர் மிச்சம் என்பது அல்ல. கான்ட்ராக்ட் ஆட்களைக் கம்பெனியின் தொழிலாளர்களாக எண்ணலாமா என்பதில் நிர்வாகம் கடுமையாகச் சண்டை போடும். அவர்கள் உங்கள் பக்கத்து பிரஸ்ஸிலேயே நின்றார்களா? லீவு கேட்டது உங்கள் ஷிஃப்ட் இன்சார்ஜிடமா, கான்ட்ராக்டரிடமா? கான்ட்ராக்டர் மாறியும் அதே ஆள் அதே மெஷினில் நின்றாரா? இதற்கு ‘ஆமாம் கம்பெனிதான்’ என்று வந்தால், அந்த கான்ட்ராக்ட் வெறும் காகிதம் என்று வாதாட இடம் இருக்கிறது. 300 தாண்டியது என்று நிரூபித்துவிட்டால் கதையே மாறும். அனுமதி வாங்காத மூடல் செல்லாது, மூடாதது போல் சம்பளம் வந்துகொண்டே இருக்க வேண்டும். எனவே ஷிஃப்ட் ரோஸ்டர், கேட் பாஸ், கேன்டீன் கூப்பன், லைன் வாட்ஸ்அப் குழுவில் யாரை எங்கே நிறுத்துவது என்று வந்த செய்திகள், இதையெல்லாம் இந்த வாரமே படம் எடுத்து வையுங்கள். கேட் பூட்டிய பிறகு உள்ளே போக முடியாது.

டீம் லீடர் விஷயத்துக்கு அதிகம் கவலைப்பட வேண்டாம். மேற்பார்வை வேலை பார்த்து மாதம் 18,000க்கு மேல் ஊதியம் வாங்குபவர்தான் சட்டத்துக்கு வெளியே போகிறார். பதவியின் பெயர் என்ன என்பதைவிடக் கையில் என்ன வேலை என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும். நீங்கள் இன்னும் பிரஸ்ஸில் டை (அச்சு) மாற்றுகிறீர்கள், பிரஸ் ஓட்டுகிறீர்கள் என்றால், யாருக்கும் லீவு தரவோ மெமோ கொடுக்கவோ அதிகாரம் இல்லை என்றால், நீங்கள் தொழிலாளிதான். உற்பத்திப் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கும் பக்கங்களை எடுத்து வையுங்கள்.

ஈ.எல்.லில் கழித்த நாள்களையும் விடாதீர்கள். ஆர்டர் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பியது லே-ஆஃப், அதாவது நிர்வாகம் தற்காலிகமாக வேலை தராமல் இருப்பது. அதற்குப் பேசிக், டி.ஏ.வில் பாதியை நிர்வாகம் தர வேண்டும். உங்கள் சம்பாதித்த விடுப்பை எடுத்து நிர்வாகத்தின் செலவை ஈடுகட்டியது சரியல்ல. எந்தெந்தத் தேதி என்று சம்பளச் சீட்டைப் பார்த்து எழுதி, கடிதத்தில் சேருங்கள்.

திங்கட்கிழமை கூப்பிட்டால் போங்கள், போகாமல் இருக்காதீர்கள். “எதுவானாலும் எழுத்தில் கொடுங்கள், படித்துப் பார்த்துப் பதில் தருகிறேன்” என்று மட்டும் சொல்லுங்கள். வெளியே வந்ததும் நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். நீங்கள் ராஜினாமா செய்ய விரும்பவில்லை, வேலை செய்யத் தயாராக இருக்கிறீர்கள், மூடினால் 75ஆவது பிரிவின்படி முழு இழப்பீடும் தனியாகக் கிராஜுவிட்டியும் வேண்டும் என்று எளிய தமிழிலேயே எழுதலாம். பதிவுத் தபால் இப்போது ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டதால், ஸ்பீட் போஸ்ட்டில் ஒப்புகையோடு அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஒரு நகலை உங்கள் பகுதி சமரச அதிகாரியான தொழிலாளர் உதவி ஆணையருக்குக் கொடுத்து முத்திரை வாங்குங்கள். அங்கே முடியாவிட்டால், அவர் அறிக்கை தந்த 90 நாளுக்குள் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். தகராறு எழுந்து இரண்டு வருஷம் கடந்துவிட்டால் சமரச அதிகாரி எடுத்துக்கொள்ள மாட்டார். பழைய கணக்கில் மூன்று வருஷம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

மூடிய பிறகு வங்கிக் கணக்கில் அவர்களாகவே ஏதாவது பணம் போட்டால் திருப்பி அனுப்ப வேண்டாம். வீட்டுச் செலவு இருக்கிறது, அது உங்கள் பணம். “எனக்கு வரவேண்டியதில் ஒரு பகுதியாக, ஆட்சேபத்துடன் ஏற்கிறேன்” என்று அன்றைக்கே ஒரு வரி மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்.