தகரப் பட்டறை இரைச்சலும் செவிப்புலனும்

கேள்வி: எனக்கு 46 வயது. கிராண்ட்பாஸில் ஒரு தகரப் பட்டறையில் 19 வருடங்களாக வேலை செய்கிறேன். இரவில் காதுக்குள் ஓயாமல் ஒரு ரீங்காரம் கேட்கிறது. மகள் பேசுவது சரியாக விளங்குவதில்லை. பட்டறைச் சத்தம் எனக்குப் பழகிவிட்டது. காதில் பஞ்சும் வைத்துக்கொள்கிறேன். சொட்டு மருந்தால் இது குணமாகுமா?

பதில்: நீங்கள் கூறும் அறிகுறிகள் இரைச்சலால் உண்டாகும் செவிப்புலன் பாதிப்பையே பெரிதும் ஒத்திருக்கின்றன. ஆயினும் காதுக்குறும்பி அடைத்திருந்தாலும் இப்படி நேரலாம் என்பதால், ஒரு வைத்தியர் காதைப் பார்ப்பது அவசியம்.

இது இரைச்சலால் வந்த பாதிப்பாயின் சொட்டு மருந்து பயன்படாது. உட்காதின் நத்தைச் சுருளில், ஒலியை நரம்புக்கு உணர்த்தும் மயிர்க்கலங்கள் ஒவ்வொரு காதிலும் ஏறத்தாழ 15,000 மட்டுமே உள்ளன. அவை இறந்தால் மீண்டும் உருவாவதில்லை. பெரும்பாலும் 4,000 ஹேர்ட்ஸை (செக்கனுக்கு 4,000 அதிர்வுகளை) அண்டிய உயர்ந்த சுருதிகளே முதலில் மங்குகின்றன; ஆகவேதான், சக தொழிலாளரின் தடித்த குரல் விளங்கும்போதும், மகளின் மெல்லிய குரலில் ஓசை கேட்டுச் சொல் பிடிபடாமற் போகிறது.

சத்தம் பழகிவிட்டது என்று நீங்கள் எழுதியிருப்பதே எனக்கு மிகுந்த கவலை தருகிறது. கேட்கும் திறன் குறைந்துவருவதாலும் சத்தம் தணிந்ததுபோலத் தோன்றலாம். 85 டெசிபல் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) இரைச்சலில் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம் என்பதே பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறைய, 100 டெசிபலில் 15 நிமிடங்களே எஞ்சும். தகரத்தைச் சுத்தியலால் அடிக்கும் இடத்தில் இரைச்சல் இந்த எல்லையை எளிதில் கடந்துவிடும். ஒரு கை தூரத்தில் நிற்பவருடன் உரத்துப் பேச வேண்டியிருந்தால், அங்குள்ள இரைச்சல் ஆபத்தானது என்று கொள்ளுங்கள்.

பஞ்சு போதாது. காதுக்குள் இறுகப் பொருந்தும் நுரை அடைப்பான் அல்லது காது முழுவதையும் மூடும் கவசம் தேவை. வேலை நேரத்தில் சிறிது நேரம் கழற்றினாலும் அதன் பயன் வெகுவாகக் குறையும். இவற்றைத் தருமாறும், அடிக்கும் வேலையைத் தனியிடத்துக்கு மாற்றுமாறும் முதலாளியிடம் கேளுங்கள். மறுத்தால் நாரஹேன்பிட்டியிலுள்ள தொழில் திணைக்களத்தை அணுகலாம்.

கொழும்பு தேசிய வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் செவிப்புலன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஞாயிறு ஓய்வுக்குப்பின், திங்கட்கிழமை வேலைக்குப் போகுமுன் செய்தால் தற்காலிக மந்தம் நீங்கி உண்மை நிலை தெரியும். தேவையெனில் கேட்டற் கருவி உதவும். ஒரு காது மட்டும் திடீரென மந்தமானால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அதற்கு உடனே தொடங்கும் சிகிச்சையே பலன் தரும்.