வங்கி ஏலத்தில் வீடு: முதல் முறை போகிறவர்களுக்கு

கேள்வி: நான் தனியார் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். தாம்பரத்தை அடுத்த பகுதியில் ஒரு வீடு வங்கி ஏலத்திற்கு வருவதாக நாளிதழில் அறிவிப்பு பார்த்தேன். குறைந்தபட்ச விலை 40 லட்சம் ரூபாய். அக்கம்பக்கத்து விலையைவிட நன்றாகவே குறைவு. கையில் 12 லட்சம் இருக்கிறது. மீதிக்கு வீட்டுக்கடன் வாங்கிக்கொள்ளலாம் என்று எண்ணுகிறேன். துணிந்து இறங்கலாமா?

பதில்: இறங்கலாம், ஆனால் கடன் கிடைக்கும் என்ற நம்பிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு இறங்க வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்கிறேன். உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஏலத்தில் கலந்துகொள்ள முன்கூட்டியே கட்டும் முன்வைப்புத் தொகை வழக்கமாகக் குறைந்தபட்ச விலையில் 10 சதவீதம், அதாவது 4 லட்சம். ஏலம் 46 லட்சத்தில் உங்கள் பெயருக்கு முடிந்தால், அதில் 25 சதவீதமான 11.5 லட்சத்தை, ஏற்கெனவே கட்டிய 4 லட்சம் போக, அன்றைக்கே அல்லது அடுத்த வேலை நாளுக்குள் கட்டியாக வேண்டும். அதோடு உங்கள் கைப்பணம் ஏறக்குறைய தீர்ந்துவிடும். எஞ்சிய 34.5 லட்சத்தை, விற்பனை உறுதி செய்யப்பட்ட 15 நாட்களுக்குள் கட்ட வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டத்தின் (கடன் கட்டாதவரின் அடமானச் சொத்தை வங்கியே கைப்பற்றி விற்க இடம் தரும் சட்டம்) கீழ் உள்ள விதி. வங்கி எழுத்து மூலம் ஒப்புக்கொண்டால் அதிகபட்சம் மூன்று மாதம் வரை அவகாசம் கிடைக்கலாம், ஆனால் அதை உரிமையாகக் கேட்க இயலாது.

கட்டத் தவறினால், கட்டிய பணம் பறிபோகும். தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில், 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், மீதியைக் கட்டாத ஏலதாரரின் 25 சதவீதத் தொகை முழுவதையும் வங்கி பறிமுதல் செய்தது செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே ஏலத்திற்கு முன்பே கடன் தரும் வங்கியிடம் சென்று, ஏலச் சொத்துக்குக் கடன் தருவார்களா, இந்தக் கெடுவுக்குள் பணம் விடுவிப்பார்களா என்று கேட்டு, முன்ஒப்புதலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்ததாக, அறிவிப்பில் பொடி எழுத்தில் இருக்கும் 'சுவாதீனம்' (சொத்து யார் கைவசம் இருக்கிறது என்பது) என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். விலை குறைவாக இருப்பதற்கான காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. சாவி வங்கியின் கையில் இருந்தால் அது நேரடிச் சுவாதீனம். அறிவிப்பை ஒட்டியதோடு நின்றிருந்தால் அது பெயரளவிலான சுவாதீனம். உள்ளே கடன் வாங்கியவரோ வாடகைதாரரோ குடியிருக்கலாம். உறவினர் ஒருவருக்காக இப்படி ஒரு வீட்டைப் பார்க்கப் போயிருந்தேன். கேட்டில் ஒட்டிய வங்கி அறிவிப்பு பாதி கிழிந்து தொங்கியது. மாடிக் கொடியில் பள்ளிச் சீருடை உலர்ந்துகொண்டிருந்தது. அந்தக் குடும்பத்தை வெளியேற்றும் பொறுப்பு தன் தலையில் விழும் என்பது அதுவரை அவருக்குத் தோன்றவே இல்லை. மாவட்ட ஆட்சியர் அல்லது தலைமை நீதித்துறை நடுவர் வழியாக வங்கி சுவாதீனம் பெறச் சட்டத்தில் இடம் உண்டு என்றாலும், அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். கடன் வசூல் தீர்ப்பாயத்தில் வழக்கு இருந்தால் இன்னும் நீளும். எனவே வழக்கு ஏதேனும் உண்டா, சாவியை என்றைக்குத் தருவீர்கள் என்ற இரண்டையும் ஏலத்தை நடத்தும் வங்கியின் அங்கீகரிக்கப்பட்ட அதிகாரியிடம் எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: வங்கியே விற்கும்போது பத்திரங்களை நாம் தனியாகச் சரிபார்க்க வேண்டுமா?

பதில்: கட்டாயம் வேண்டும். 'எங்கே எப்படி இருக்கிறதோ அங்கே அப்படியே' என்ற நிபந்தனையில்தான் வங்கி விற்கிறது. முப்பது ஆண்டுக்காவது வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்து, தாய்ப்பத்திரம், பட்டா, கட்டட அனுமதி ஆகியவற்றின் நகல்களை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். நில அளவரை வைத்து அளந்து, பத்திரத்தில் உள்ள நான்கெல்லையும் தரையில் உள்ளதும் ஒன்றுதானா என்று பார்ப்பதும் நல்லது. சொத்து வரி பாக்கி, அடுக்குமாடி என்றால் பராமரிப்புக் கட்டணப் பாக்கி, மின்கட்டணப் பாக்கி ஆகியவற்றையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். விதிமுறை இடம் தரும்போது பழைய உரிமையாளரின் மின்கட்டணப் பாக்கியைப் புதிதாக வாங்கியவரிடம் கேட்கலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

முன்வைப்புத் தொகையை ஏல அறிவிப்பில் உள்ள கணக்கிலோ, பொதுத்துறை வங்கிகளின் பேங்க்நெட் போன்ற ஏலத் தளத்தின் வாலட்டிலோ மட்டும் செலுத்துங்கள். 'முடித்துத் தருகிறேன்' என்று வரும் இடைத்தரகர் கணக்கில் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள்.

கேள்வி: ஏலத்தில் என் பெயரில் கேட்டுவிட்டு, பத்திரத்தை மனைவி பெயரில் பதியலாமா?

பதில்: இயலாது. இங்கே பத்திரத்தின் இடத்தில் இருப்பது விற்பனைச் சான்றிதழ்; அதை ஏலம் எடுத்தவர் பெயரில்தான் வங்கி வழங்கும். இருவர் பெயரிலும் சொத்து வேண்டுமானால், முன்வைப்புத் தொகை கட்டும்போதே விண்ணப்பத்தில் இருவரையும் கூட்டு ஏலதாரர்களாகக் குறிப்பிட்டு, இருவரின் பான், ஆதார் நகல்களையும் சேர்த்துக் கொடுங்கள்.