காசநோய் மருந்தும் சாப்பாடும்
வணக்கம் சகோதரி. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் உங்கள் தம்பிக்குக் காசநோய் மாத்திரை தொடங்கி இரண்டு மாதமாகியும் எடை கூடாததற்கு அவருடைய அலட்சியம்தான் காரணமா என்று கேட்டிருந்தீர்கள். அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள், காற்றோட்டமில்லாத ஓர் அறையில் ஐந்து பேரோடு படுத்தெழுந்து, டீயும் பன்னுமாக வேலைக்கு ஓடுபவருக்கு உடம்பு எப்படித் தேறும்? ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், நோயாளிகளின் குடும்பத்தினருக்குக் கூடுதல் உணவுப் பொருள் கொடுத்தபோது, அவர்களுக்குக் காசநோய் வருவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. சிகிச்சைக் காலத்தில் அரசு தரும் மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்து உதவிக்குத் தம்பியின் வங்கிக் கணக்கு பதிவாகியிருக்கிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். எடை விவரத்தை மருத்துவரிடம் சொல்லி, சளியையும் சர்க்கரையையும் மறுபடி பரிசோதிக்கச் சொல்லுங்கள். அறைத் தோழர்களும் கட்டாயம் பரிசோதனைக்குப் போக வேண்டும்.